கராஜுக்கு மேலே உள்ள அறை

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் என் மனைவியை நிம்மதியாகத் தூங்க விடுவதில்லை. முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை பார்ப்பவள் அவள், பகலில்தான் படுப்பாள். நான் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அறைக்குள் போவேன். துவைத்த உடுப்பை வைக்க, அலுமாரிக்குள் எதையோ தேட. உண்மையில் போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்க்கத்தான். ஒருநாள் போர்வையின் தடிப்பில் ஒன்றும் தெரியாமல், குனிந்து அவள் மூக்கருகே விரலை வைத்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "இன்னும் சாகேல்லை. கதவைச் சாத்திப்போட்டுப் போங்கோ" என்றாள்.

நான் கதவைச் சாத்தவில்லை. எங்கள் வீட்டில் இப்போது படுக்கையறைக் கதவுகள் சாத்தப்படுவதில்லை.

எல்லாம் மகளின் பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சியில் தொடங்கியது. தொடங்கியது என்று சொல்வதும் பிழை. அது எப்போதோ தொடங்கியிருந்தது. கண்காட்சி வந்ததால் எங்களுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

மகள் ஏழாம் வகுப்பு. ரீச்சர் சொல்லியனுப்பிய விதிகள் எளிமையானவை. அளந்து விடை காணக்கூடிய ஒரு கேள்வி வேண்டும். விடை என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு கருதுகோள் எழுத வேண்டும். ஒரே பரிசோதனையைக் குறைந்தது மூன்று தடவை செய்ய வேண்டும். ஒருமுறை கிடைத்த முடிவு தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால் அந்த மூன்றாவது விதியை ரீச்சர் மிகவும் வற்புறுத்தியிருந்தார்.

"எந்த பேப்பர் டவல் கூடத் தண்ணி உறிஞ்சும் எண்டு செய்யப் போறன்" என்றாள் மகள்.

"உதை எல்லாரும் செய்வினம்."

"ஈஸி அப்பா."

"ஈஸியானதுக்கு ஆர் பரிசு குடுப்பினம்?"

"ஆர் பரிசு கேட்டது?"

அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. சில நாட்களில் அவளே வேறொரு கேள்வியோடு பள்ளிக்கூடத்தால் வந்தாள். வகுப்பில் ஒரு பிள்ளையின் ஜக்கெற் கறி மணக்கிறது என்று சிலர் சிரித்திருக்கிறார்கள். அதுவும் எங்கள் ஆட்களின் பிள்ளைதான். மகள் தன் ஜக்கெற்றைக் கழற்றி முகர்ந்து பார்த்திருக்கிறாள். ஒரு மணமும் இல்லை.

"நாங்கள் கராஜிலை சமைக்கிறதாலையோ அப்பா?"

நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "இதுதான் கேள்வி. பேப்பர் டவலை விடு."

கார் விடும் கராஜில் சமைப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்பு ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கம் ஒரு மாடிக்குடியிருப்பில் இருந்தோம். அங்கே மீன் பொரித்தால் வெளி விறாந்தை முழுக்க மணக்கும். ஒரு குளிர்கால இரவில் மனைவி வேலைக்குப் போகும்போது, லிஃப்டுக்குள் நின்ற ஒருத்தி கழுத்துத்துணியை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள். மனைவி வேலையால் வந்து ஜக்கெற்றைப் பல்கனிக் குளிரில் தொங்கவிட்டாள். அது அங்கேயே விறைத்துக் கிடந்தது. பிறகு ஸ்காபரோவிலேயே இந்த வீட்டை வாங்கியபோது, மற்றவர்கள் போல நிலத்துக்கு விரிப்புப் போடவோ சுவருக்கு வர்ணம் அடிக்கவோ நாங்கள் அவசரப்படவில்லை. முதல் வேலையாகக் கராஜுக்குள் ஓர் அடுப்பு வைத்தோம். பக்கத்து ஊரான பிக்கரிங்கில் இருக்கும் என் நண்பன் கொண்டுவந்து தந்தது. மூன்று கால், அகன்ற ஒற்றை வளையம், பக்கத்தில் காஸ் சிலிண்டர். அவன் வீட்டிலும் அதேதான். எங்கள் சொந்தக்காரரில் பாதிப்பேர் வீட்டிலும் அதேதான்.

சனிக்கிழமை காலையில் கிழமைக்கான சமையல் முழுவதையும் நான் அங்கே முடிப்பேன். வெள்ளி மரக்கறி என்பதால் சனியன்று இறைச்சியும் மீனும் கட்டாயம். கராஜ் கதவை ஒரு பூனை நுழையும் அளவுக்கு மட்டும் உயர்த்தி வைப்பேன். முழுக்கத் திறந்தால் குளிர். பக்கத்து வீட்டுக்காரரின் முகமும் சரியில்லை. வீட்டுக்குள் வரும் கதவை இறுக்கிச் சாத்துவேன். வீட்டுக்குள் ஒரு மணமும் வராது. அதில் எனக்குப் பெருமை.

"கருதுகோள் என்னெண்டா, கராஜிலை சமைச்சா வீட்டுக்குள்ளை காற்றுச் சுத்தமாயிருக்கும்" என்றேன். "இது எங்கடை சனத்தின்ரை கண்டுபிடிப்பு. ஒருத்தரும் அளந்து பாக்கேல்லை, அவ்வளவுதான்."

"அப்பா, இது என்ரை புரொஜெக்ட்டோ, உங்கடை புரொஜெக்ட்டோ?"

வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த மனைவி தலையை நீட்டினாள். "எங்கடை வீட்டுக் கறி மணத்தைப் பள்ளிக்கூடச் சுவரிலை ஒட்டப்போறியளோ? அப்பனுக்கும் மகளுக்கும் வேறை வேலை இல்லை."

இருந்தாலும் திட்டம் போட்டோம். புகையின் நுண்ணிய தூசை அளக்கும் மீற்றர் ஒன்று வாங்குவது. சமைக்காத ஒரு நாளில் ஓர் அளவு. பிறகு மூன்று சனிக்கிழமைகள், சமையல் நடக்கும்போது அளவு. இடங்கள்: குசினி, வரவேற்பறை, மாடியில் படுக்கையறை. எங்கள் படுக்கையறை கராஜுக்கு நேர் மேலே இருந்தது. தெருச் சத்தம் குறைவென்று மனைவி பகல் தூக்கத்துக்கு அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். அவளை எழுப்பக்கூடாது என்பதால் மீற்றரை அறைக்கதவுக்கு வெளியே வைத்து அளக்கச் சொன்னேன். மகள் தலையாட்டினாள்.

நான் இயல்பாகவே பயந்தவன். அட்டை வெட்டும் கத்தியை நினைத்துப் பயந்தேன். சூடான பசை உருக்கும் துப்பாக்கியை நினைத்துப் பயந்தேன். மீற்றரைப் பார்த்துக்கொண்டே சொக்ஸ் காலோடு படியேறி வழுக்கி விழுவாள் என்று பயந்தேன். அடுப்புக்குக் கிட்ட வந்தால் தலைமயிரை இறுக்கிக் கட்ட வேண்டும் என்று பலமுறை சொன்னேன். பயப்பட வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பயந்திருக்கிறேன்.

மீற்றர் வாங்கிய கதையையும் சொல்ல வேண்டும். இணையத்தில் நான் முதலில் தெரிவு செய்தது தூசை மட்டும் அளப்பது. எங்களுக்குத் தேவை அதுதான். ஆனால் அது திங்கட்கிழமைதான் வந்து சேரும் என்று காட்டியது. அதற்குக் கீழே இன்னொன்று. திரையில் நாலைந்து வரிகள், எங்களுக்குத் தேவையில்லாத வாயுக்களெல்லாம் அளப்பது. வெள்ளிக்கிழமையே வந்துவிடும். ஒரு சனிக்கிழமையை வீணாக்கக்கூடாது என்பதற்காக நான் இரண்டாவதை எடுத்தேன். வேறு காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மீற்றர் வந்தது. கைக்குள் அடங்கும் வெள்ளைப் பெட்டி. மகள் மூன்று இடங்களிலும் வைத்து அளந்தாள். தூசு குறைவு. கடைசி வரியில் எப்போதும் பூச்சியம். பிறகு மனைவி வேலைக்குப் போகுமுன் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டினாள். தூசு எண் துள்ளி ஏறியது.

"அம்மா, சாமியறைதான் எங்கடை வீட்டிலை பெரிய பொலூஷன்."

"சாமியோடை சேட்டை விடாதை."

மனைவி சாம்பிராணித் தட்டோடு மாடிக்கு ஏறினாள். மேல் விறாந்தைக் கூரையில் புகைக்கும் வாயுவுக்குமாகச் சேர்த்து ஓர் அலாம் இருந்தது. வந்த புதிதில் ஒவ்வொரு வெள்ளியும் அது சாம்பிராணிக்கு அலறித் தொலைத்ததால், குளிக்கும்போது தலையில் போடும் பிளாஸ்டிக் தொப்பி ஒன்றை அதற்குப் போட்டு ரப்பர் பட்டியால் இறுக்கியிருந்தாள். முதலில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போட்டாள். கதிரை வைத்து ஏறி இறங்குவது கரைச்சலாக இருந்ததால் பிறகு அது நிரந்தரமாகிவிட்டது. சின்னச் சின்ன நீலப் பூக்கள் போட்ட தொப்பி. பழகிப்போய் அது எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

மறுநாள் காலை கடும் குளிர். மனைவி வேலையால் வந்து இரண்டு இடியப்பம் சாப்பிட்டுவிட்டு மேலே போனாள். போகும்போதே சொன்னாள்: "மத்தியானம் எழும்பேக்கை எனக்குத் தேத்தண்ணியும் தலையிடிக் குளிசையும் வேணும். இப்பவே சொல்லிப்போட்டன்."

"சனிக்கிழமைத் தலையிடி" என்று எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே இருந்தது. சனிக்கிழமை எழும்பும்போது அவளுக்கு மண்டை பிளக்கும். வெள்ளி இரவு வேலை கடினம், ஆள் குறைவு, அதனால்தான் என்று அவள் சொல்வாள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். வழக்கம்போலக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் துவாயை உருட்டி அடைத்துக்கொண்டு படுத்தாள். கறி மணமும் வெளிச்சமும் வரக்கூடாது என்பதற்காக.

அன்று குளிர் கூட என்பதால் கராஜ் கதவை வழக்கத்தைவிடத் தாழ்த்தி வைத்தேன். புதிதாக வாங்கிய அகலச் சட்டியில் ஆட்டிறைச்சியை ஏற்றினேன். சட்டி அடுப்பு வளையத்தை முழுக்க மூடி உட்கார்ந்திருந்தது. நெருப்பு நீலமாக இல்லாமல் மஞ்சளாக, சட்டியின் பக்கங்களை நக்கிக்கொண்டு வந்தது. நல்ல நெருப்பு என்று நினைத்து, கதவைச் சாத்திக்கொண்டு குசினிக்கு வந்து மற்றக் கறிகளுக்கு வெட்டினேன்; இடைக்கிடை மட்டும் போய்க் கிளறினேன்.

இறைச்சி கொதித்து நெடுநேரம் ஆன பிறகு மகள் மீற்றரோடு சுற்றத் தொடங்கினாள். குசினியில் தூசு குறைவு. வரவேற்பறையிலும் குறைவு. குசினியில் எனக்கு முன்னால் வந்து நின்று, "பாத்தீங்களோ? ஹைபொதெசிஸ் கரெக்ட்" என்றாள். நான் அகப்பையை உயர்த்திக் காட்டினேன். அவள் மாடிக்கு ஏறினாள்.

திரும்பி வந்தபோது முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இது பழுது."

"என்னெண்டு தெரியும்?"

"தூசு ஓகே. ஆனா கடைசி லைன் எப்பவும் ஸீரோதானே. இப்ப எழுபத்தொண்டு காட்டிச்சுது."

"நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போடு."

அங்கேயே நிறுத்தி மீண்டும் போட்டாள். கொஞ்சம் பொறுத்து ஒன்பது என்று காட்டியது. "பார், சரிவந்திட்டுது" என்றேன். "மலிவுச் சாமான் உப்பிடித்தான்."

"இல்லை அப்பா. அம்மான்ரை அறைக்குள்ளைதான் அப்பிடி."

"அறைக்குள்ளை ஏன் போனனீ? வெளியிலை வைக்கச் சொன்னனான்."

"பிளானிலை படுக்கையறை எண்டுதானே எழுதினது. கதவுக்கு வெளியிலை வைச்சா அது விறாந்தை. மேசையிலை கொஞ்ச நேரம் வைச்சுப்போட்டு எடுத்தனான். அம்மா எழும்பேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. வேலை செய்து களைத்துப் படுத்திருக்கும் மனிசியை எழுப்பப் பார்த்தாளே என்றுதான் அந்தக் கோபம். மீற்றரை வாங்கிக்கொண்டு பின்வளவுக்குப் போனேன். பனிக்குள் நின்று பார்த்தேன். பூச்சியம். நல்ல காற்றில் பூச்சியம் காட்டுகிறதென்றால் கருவி பழுதில்லை. அந்த எண்ணத்தை முடிக்காமலே வீட்டுக்குள் நடந்து கராஜ் கதவைத் திறந்தேன். மீற்றர் கீச்சென்று கத்தத் தொடங்கியது. எண்கள் நூறு, இருநூறு என்று நான் பார்க்கப் பார்க்கத் தாவின.

"அந்தக் கடைசி லைன் என்ன?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

மகள் மீற்றர் வந்த பெட்டியின் பின்பக்கத்தை வாசித்தாள். "காபன் மொனொக்சைட்."

நான் ஊரில் உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்தவன். எங்கள் பாடப்புத்தகத்தில் அதற்குக் காபனோரொட்சைட்டு என்று பெயர். ஒட்சிசன் போதாமல் எரியும்போது உண்டாகும் நச்சு வாயு; நிறமில்லை, மணமில்லை. பரீட்சையில் சமன்பாட்டோடு எழுதியிருக்கிறேன். மணமில்லை என்ற சொல் மட்டும் தலைக்குள் நின்றது. இத்தனை காலமும் நான் வீட்டுக்குள் வராமல் தடுத்துக்கொண்டிருந்தது மணத்தை.

அகப்பையை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. படிகளில் ஏறியதும் நினைவில்லை. அறைக்கதவு திறக்க மறுத்தது நினைவிருக்கிறது. துவாய் அடியில் சிக்கிப் பிடித்துக்கொண்டது. தோளால் இடித்தேன்.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன். அசையவில்லை. தோளைப் பிடித்து உலுப்பினேன். தலை மட்டும் ஆடியது. முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. நன்றாகத் தூங்கும் ஒருத்தியின் முகம். அந்த நல்ல தூக்கத்தின் முகம்தான் இன்றுவரை என்னை உலுக்குகிறது. இதே முகத்தை எத்தனை சனிக்கிழமைகள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பாவம் தூங்கட்டும் என்று கதவைச் சாத்தியிருப்பேன்.

"எழும்பும். எழும்பும் அம்மா. இஞ்சை பாரும்."

நான் அவளை அம்மா என்று கூப்பிடுபவன் அல்ல. மகள் வாசலில் நின்று அதைக் கேட்டு அழத் தொடங்கினாள்.

"யன்னலைத் திற" என்றேன். அவள் ஓடிவந்து திறந்தாள். குளிர் முகத்தில் அடித்ததும் மனைவி முனகினாள். "விடுங்கோ. இப்பத்தானே படுத்தனான்." நாக்குத் தடித்த பேச்சு. கால்களை நிலத்தில் வைத்துத் தூக்கியபோது முழங்கால்கள் மடங்கின. ஒருபக்கம் நானும் மறுபக்கம் மகளுமாக, படியில் இழுத்து இறக்கினோம். என் செருப்பை அவள் காலில் மாட்டி, போர்வையோடு வீட்டு முன்பக்கப் பாதைக்குக் கொண்டுவந்தோம். பனிக்குவியலில் சாய்ந்து அவள் வாந்தி எடுத்தாள். பிறகு நிமிர்ந்து, கராஜ் கதவின் கீழாக வரும் ஆவியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அடுப்பை நிப்பாட்டேல்லையே? இறைச்சி அடிப்பிடிக்கப் போகுது."

மகள் அவசர இலக்கத்துக்கு அழைத்தாள். அவள் தன் ஆங்கிலத்தில் முகவரியையும் நடந்ததையும் ரீவியில் செய்தி வாசிப்பவள் போலத் தெளிவாகச் சொன்னதை நான் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்கு வீட்டு இலக்கமே மறந்திருந்தது. பேசி முடித்து போனை ஜக்கெற்றுக்குள் வைத்துவிட்டு, தாயின் தோளிலிருந்து நழுவிய போர்வையை இழுத்துப் போர்த்தினாள்.

தீயணைப்புக்காரர் வந்தார்கள். முகமூடியோடு உள்ளே போய் அடுப்பை அணைத்து, யன்னல்களையெல்லாம் திறந்தார்கள். அவர்களில் மூத்தவர் பிறகு என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். கராஜ் கூரையில், மேல் அறைக்குச் சூடு கொண்டுபோகும் குழாயைச் சுற்றி ஒரு கைப்பிடி நுழையும் இடைவெளி. அதை விளக்கு அடித்துக் காட்டினார். பிறகு மாடிக்கு ஏறினார். விறாந்தையில் நின்று மேலே பார்த்தார். நீலப் பூப்போட்ட தொப்பி. அவர் கையை உயர்த்தி ரப்பர் பட்டியை மெதுவாக விடுவித்து, தொப்பியைக் கழற்றி, மடித்து என்னிடம் தந்தார். ஏசியிருக்கலாம். அறை வாசலில் கிடந்த துவாயைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மனைவி வழக்கமாக எத்தனை மணிவரை தூங்குவார் என்று கேட்டார். சமையல் முடிந்து நெடுநேரம் வரைக்கும் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். அதற்குமேல் அவர் சொல்லியிருக்கக்கூடியதை நான்தான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மனைவிக்கு ஒட்சிசன் கொடுத்தார்கள். மகளுக்கும் எனக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்து, எங்களுக்குக் கொஞ்சம்தான் என்றார்கள். இளம் டொக்டர் ஒருத்தி மனைவியிடம் தலையிடி எவ்வளவு காலமாக என்று கேட்டாள். மனைவி முகமூடியை விலக்கினாள்.

"வீடு வாங்கின காலத்திலையிருந்து" என்றாள் தமிழில். பிறகு என்னைப் பார்த்தாள். "டொக்டருக்குச் சொல்லுங்கோ."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று பிக்கரிங் நண்பனுக்குப் போன் எடுத்தேன். சனிக்கிழமை, அவனும் அடுப்புக்கு முன்னால்தான் நிற்பான் என்று எனக்குத் தெரியும்.

"அடுப்பை நிப்பாட்டு" என்றேன்.

"ஏன் மச்சான், சாப்பிட வாறியோ?"

சொன்னேன். மறுபக்கத்தில் சட்டி கொதிக்கும் சத்தம் கேட்டது.

"நாங்கள் கதவைக் கொஞ்சம் திறந்து வைச்சுத்தானே சமைக்கிறம்" என்றான்.

"நானும் அப்பிடித்தான்."

"எத்தினை வருசமாச் சமைக்கிறம் மச்சான். ஒண்டும் நடக்கேல்லையே."

"உன்ரை கராஜுக்கு மேலை ஆர் படுக்கிறது?"

அவன் தன் மனைவியைக் கூப்பிடும் சத்தமும், இரும்புக் கதவு கிறீச்சிட்டு முழுக்க மேலே ஏறும் சத்தமும் கேட்டன. அவன் கராஜுக்கு மேலே அவனுடைய சின்னப் பிள்ளைகள் படுப்பது எனக்குத் தெரியும். கேட்டிருக்கத் தேவையில்லை. ஆனால் அன்று எனக்கு நயமாகப் பேச வரவில்லை.

மனைவி வீட்டுக்கு வந்த பிறகு, கண்காட்சியை விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். பேப்பர் டவல் செய், நானே வாங்கித் தருகிறேன் என்றேன். மகள் என்னைப் பார்க்காமல் அட்டையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது நடந்தது அப்பா. டேட்டா இருக்கு."

"ஒருநாள் டேட்டாதானே. மூண்டு தடவை வேணும் எண்டு ரீச்சர் சொன்னவ."

"அப்ப இன்னும் ரெண்டு சனிக்கிழமை சமைப்பமோ?"

சோபாவில் சாய்ந்திருந்த மனைவிதான் பேசினாள். "பிள்ளை எழுதட்டும். ஆனா கறி எண்டு எழுதாதை. சமையல் எண்டு எழுது."

கருதுகோள் சரியா பிழையா என்று முடிவு எழுதும் இடத்தில் எங்களுக்குள் மறுபடியும் இழுபறி. தூசைப் பொறுத்தவரை சரிதானே, பாதி சரி என்று போடு என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. காற்றுச் சுத்தமாக இருக்கும் என்றுதான் எழுதியது, அது சுத்தமாக இருக்கவில்லை, ஆகவே பிழை என்றாள். பிழை என்ற சொல்லை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் அந்த நீலப் பூத் தொப்பியை ரப்பர் பட்டியோடு ஒட்டினாள். சூடான பசைத் துப்பாக்கியால்தான் ஒட்டினாள். அவள் அதைப் பிடித்திருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம் வரவில்லை.

கண்காட்சி பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. மனைவி இரவு வேலையால் நேரே வந்திருந்தாள். சீருடைக்கு மேல் ஜக்கெற், கையில் கோப்பி. வரிசையில் எங்களுக்கு இருபுறமும் மற்றப் பிள்ளைகளின் காந்தங்களும் அவரை விதை முளைகளும். நடுவராக வந்தவர் கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசும் மனிதர். அட்டையை மேலிருந்து கீழ்வரை படித்தார். தொப்பியில் சற்று நின்றார். பிறகு வரைபடத்தைப் பேனாவால் தொட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

கேள்வி நன்றாக இருக்கிறது, அளவுகளும் தெளிவாக இருக்கின்றன. ஆனால் சமையல் நாளின் அளவு ஒரே ஒரு தடவைதான் இருக்கிறது. விதிப்படி மூன்று வேண்டும். ஏன் மற்ற இரண்டும் செய்யவில்லை?

அவர் குற்றம் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கும் கேள்விதான். நான் முன்னே வந்து விளக்கப் போனேன். மனைவி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

மகள் சொன்னாள்: "முதல் தடவை அளக்கும்போது என் அம்மா அந்த அறைக்குள் படுத்திருந்தார்."

நடுவர் குனிந்து ஏதோ எழுதத் தொடங்கினார். பேனா நின்றது. தலையை உயர்த்தி, எங்களில் யார் அந்த அம்மா என்று தேடினார். மனைவி கோப்பிக் கோப்பையைச் சற்று உயர்த்திக் காட்டினாள், வகுப்பில் பெயர் கூப்பிடும்போது கை உயர்த்துவது போல. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நன்றி என்று சொன்னார். அதை மகளுக்குச் சொன்னாரா மனைவிக்குச் சொன்னாரா தெரியாது. பிறகு அடுத்த மேசைக்குப் போனார்.

பரிசு அவரை விதை முளைக்குக் கிடைத்தது. மகளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மூன்று தடவை ஒழுங்காக அளந்திருக்கிறாள் அந்தப் பிள்ளை என்றாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது மதிய வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. அட்டை பின் இருக்கையில் மகளுக்குப் பக்கத்தில் மடிந்து கிடந்தது. மனைவி முன் இருக்கையில் பெல்ற் போட்டதும் தூங்கிவிட்டாள். தலை யன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அதே முகம். நான் தெருவைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், தெருவைப் பார்த்தேன். ஜக்கெற் தடிப்பானது, மூச்சு ஏறி இறங்குவது தெரியவில்லை. முன்னால் போன பஸ் நின்றதை நான் காணவில்லை. கடைசி நேரத்தில் பிரேக்கை அழுத்தினேன். மனைவி எழும்பவில்லை.

பின்னால் மகள் தன் பெல்ற்றைத் தளர்த்திக்கொண்டு முன்னே சாயும் சத்தம் கேட்டது. தாயின் கழுத்துப் பக்கமாக, ஜக்கெற் கொலருக்குள் இரண்டு விரல்களை மெதுவாக வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

"அப்பா, நீங்கள் ரோட்டைப் பாருங்கோ" என்றாள். "அம்மாவை நான் பாக்கிறன்."